பொரிச்ச அன்னைக்கே குஞ்சு நிறத்த வெச்சு சேவல் பெட்டை பிரிக்கிறது, நம்பலாமா?

புதுக்கூண்டு:
எல்லாருக்கும் வணக்கம். நேத்து ராத்திரில இருந்து இன்குபேட்டர்ல குஞ்சு வரிசையா வந்துட்டு இருக்கு, இப்பதான் எல்லாம் காஞ்சு புசுபுசுன்னு நிக்குது. என்கிட்ட இடம் கம்மி, சேவல் நிறைய வெச்சுக்க முடியாது, அதனால எது எதுன்னு இப்பவே தெரிஞ்சா நல்லா இருக்கும்னு வீடியோவா பாத்து தலை சுத்துது. ஒருத்தர் மஞ்சள் குஞ்சு எல்லாம் சேவல், செவலை எல்லாம் பெட்டைன்னு அடிச்சு சொல்றார். இன்னொருத்தர் கருப்புக் குஞ்சுல தலைல புள்ளி இருந்தா சேவல்ங்கறார். மூணாவது ஆளு நிறத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, எல்லாம் சும்மான்னு சிரிக்கிறார். என்கிட்ட நாலு வகையும் இருக்கு: தலைப்புள்ளி கருப்பு, புள்ளி இல்லாத கருப்பு, வெளிர் மஞ்சள், செவலை. யார நம்புறது?

கொண்டைக்காரன்:
மூணு பேர் சொல்றதும் சரிதான், அவங்கவங்க கூண்டுக்கு. குஞ்சு நிறத்த அப்புறம் பாக்கலாம், அதுக்கு அப்பன் யாரு ஆத்தா யாருன்னு மொதல்ல சொல்லுங்க. அது தெரியாம போட்டோ பாத்து யாராவது சேவல் பெட்டைன்னு சொன்னா காச சுண்டிப் போட்டு சொல்றாங்கன்னு வெச்சுக்கங்க.

புதுக்கூண்டு:
சேவல் ஒண்ணுதான் அண்ணா, ரோட் ஐலண்ட் ரெட். பெட்டை நாலு ரகம் ஒண்ணா ஒரே கூண்டுல: பார்டு ராக் (வரி வரியா இருக்குமே அது), லைட் சஸ்ஸெக்ஸ், வெள்ளை லெகார்ன், அப்புறம் ரோட் ஐலண்ட் ரெட் பெட்டையும் ரெண்டு மூணு.

அடைகாத்தவள்:
ஆகா, நல்ல கூண்டு, அதே சமயம் நல்லா குழப்பற கூண்டு 😄 ஒவ்வொரு அம்மாவா பிரிச்சு பாருங்க தம்பி, அப்பதான் புரியும்.

சிவப்பு சேவல் + பார்டு ராக் பெட்டை: குஞ்சு எல்லாம் கருப்பு. உச்சந்தலைல வெள்ளையா இல்ல மஞ்சளா ஒரு புள்ளி இருந்தா சேவல், தலை முழுக்க கருப்பா இருந்தா பெட்டை. வெளிநாட்டுல பிளாக் செக்ஸ் லிங்க்னு சொல்றது இந்தக் கலப்பத்தான்.

சிவப்பு சேவல் + லைட் சஸ்ஸெக்ஸ் பெட்டை: வெளிர் மஞ்சள், கிட்டத்தட்ட வெள்ளையா இருந்தா சேவல், செவலையா இருந்தா பெட்டை. உங்க முதல் வீடியோக்காரர் சொன்னது இது. முட்டைக் கம்பெனிகளோட பிரவுன் கோழிங்க, ஐஎஸ்ஏ பிரவுன், லோமன் பிரவுன் எல்லாம் இதே கணக்குலதான் பொரிச்ச அன்னைக்கே பிரிக்கறாங்க.

சிவப்பு சேவல் + சிவப்பு பெட்டை: எல்லாமே செவலை, சேவலும் செவலை பெட்டையும் செவலை. நிறத்துல ஒண்ணும் கிடைக்காது.

சிவப்பு சேவல் + வெள்ளை லெகார்ன் பெட்டை: எல்லாமே மஞ்சள். இதுலயும் ஒண்ணும் கிடைக்காது.

இப்ப சிக்கல் எங்கன்னு தெரியுதா? உங்க மஞ்சள் குஞ்சு சஸ்ஸெக்ஸ் மகனா இருந்தா நிச்சயம் சேவல், லெகார்ன் பிள்ளையா இருந்தா ரெண்டுல எதுவா வேணா இருக்கலாம். செவலையும் அப்படித்தான், சஸ்ஸெக்ஸ் மகளா இருந்தா பெட்டை, ரெட்டோட பிள்ளையா இருந்தா தெரியாது. எந்த முட்டைல இருந்து எது வந்துச்சுன்னு குறிச்சு வெச்சீங்களா?

புதுக்கூண்டு:
பென்சில்ல தேதி மட்டும்தான் எழுதினேன் அக்கா. ஆனா வெள்ளை முட்டை எல்லாம் மேல் தட்டுல தனியா வெச்சேன், பாக்க அழகா இருக்கட்டும்னு. பிரவுன் முட்டை எல்லாம் கீழ் தட்டு. குஞ்சும் அந்தந்த தட்டுலதான் இருக்கு, இன்னும் எடுக்கல.

அடைகாத்தவள்:
அழகுக்கு வெச்சதே உங்கள காப்பாத்திருச்சு. லெகார்ன் மட்டும்தான் உங்ககிட்ட வெள்ளை முட்டை போடும், அதனால மேல் தட்டு மஞ்சள் எல்லாம் லெகார்ன் பிள்ளைங்க, அத ஓரமா வெச்சிடுங்க, இன்னைக்கு சொல்ல முடியாது. சிலதுல சின்ன சின்ன கருப்புப் பொட்டு தெளிச்சிருக்கும், அத பாத்து யாராவது பெட்டைன்னு சொன்னாலும் காதுல வாங்காதீங்க. கீழ் தட்டுல வெளிர் மஞ்சள் இருந்தா அது சஸ்ஸெக்ஸ் மகன், சேவல். செவலைதான் இழுபறி. ரெட் முட்டை ஓடு நல்ல பழுப்பா இருக்கும், சஸ்ஸெக்ஸ் முட்டை வெளுத்த கிரீம் நிறத்துல இருக்கும், குஞ்சு பக்கத்துல ஓடு கிடந்தா பாருங்க, ஆனா அத மட்டும் வெச்சு சத்தியம் பண்ண முடியாது.

பழையகூடை:
எதுக்கு இவ்வளவு கஷ்டம், கூர்மையான முட்டைல சேவல், உருண்டையான முட்டைல பெட்டை, அடை வைக்கும்போதே பொறுக்கிடலாம். இல்லன்னா நூல்ல மோதிரத்த கட்டி முட்டை மேல பிடிங்க, சுத்துனா பெட்டை, நேரா ஆடுனா சேவல். எங்க வீட்டுல தலைமுறையா பாக்கறது.

கொண்டைக்காரன்:
ஐயா, ஒரே பெட்டை வருஷம் பூரா ஒரே வடிவத்துலதான் முட்டை போடும், கூர்மையா போடறது கூர்மையாவே போடும். அப்ப அந்தப் பெட்டைக்கு ஆயுசுக்கும் சேவல் மட்டும்தான் பொரிக்கணும், அப்படி எங்கயாவது நடக்குதா? வடிவம் அதோட முட்டைக்குழாய் பண்ற வேலை. மோதிரம் நம்ம கை ஆட்டம். பாதிக்கு பாதி எப்படியும் சரியா வரும், அதான் தலைமுறையா ஓடுது.

பழையகூடை:
எனக்கு பாதிக்கு மேலயே சரியா வந்திருக்கு. சரி விடுங்க.

வெடக்கோழிப்ரியை:
இன்குபேட்டர்ல சூட்ட கூட்டி வெச்சா சேவல் அதிகமா வரும்ங்கறாங்களே, அது?

மரபணுப்பித்தன்:
வராது. முதலை, சில ஆமை மாதிரி சிலதுக்குத்தான் சூடு பாத்து ஆண் பெண் மாறும், கோழிக்கு இல்ல. சூடு ஏறுனா குஞ்சு சாகும், அவ்வளவுதான்.

இந்த நிறக் கணக்கு ஏன் வேலை செய்யுதுன்னு யாரும் சொல்லல, அதையும் சொல்லிடறேன், புரிஞ்சுட்டா எந்த வீடியோவும் தேவைப்படாது. நம்மள்ல ஆண்தான் ரெண்டு விதமான குரோமோசோம் வெச்சிருக்கறது, எக்ஸ் வொய். கோழில அப்படியே தலைகீழ். சேவல்கிட்ட இசட் ரெண்டு, பெட்டைகிட்ட ஒரு இசட் ஒரு டபிள்யூ. அதனால பெட்டை தன்னோட ஒரே இசட்ட மகனுக்கு மட்டும்தான் குடுக்கும், மகளுக்கு டபிள்யூ போயிடும். மகளுக்கு கிடைக்கற இசட் முழுக்க அப்பன்கிட்ட இருந்து வந்தது. இப்ப வரி போடற ஜீன் இருக்கு பாருங்க, அது அந்த இசட்லதான் உக்காந்திருக்கு. பார்டு ராக் அம்மாகிட்ட இருந்து அது மகனுக்கு போகும், தலைல புள்ளியா தெரியும். மகள் அப்பன் மாதிரி வரி இல்லாம நிப்பா. அதே மாதிரி வெள்ளி நிறம், தங்க நிறம்னு ஒரு ஜோடி, அதுவும் இசட்ல. வெள்ளி தங்கத்த அமுக்கிடும். சஸ்ஸெக்ஸ் அம்மாவோட வெள்ளி மகனுக்கு போகுது, அவன் வெளுத்து நிக்கறான். மகளுக்கு அப்பனோட தங்கம் மட்டும்தான், அவ செவலை.

சுருக்கமா சொன்னா அம்மாவோட இசட்ல அமுக்கற குணம் இருக்கணும், அப்பன்கிட்ட அது இருக்கவே கூடாது. இது ஒண்ணுதான் விதி.

புதுக்கூண்டு:
அட, இது புரியுது! அப்ப லெகார்ன்ல ஏன் வேலை செய்யல? அதுவும் வெள்ளைதானே?

மரபணுப்பித்தன்:
வெள்ளைன்னு கண்ணுக்கு தெரியறது பல வகை. சஸ்ஸெக்ஸ் வெள்ளை அந்த வெள்ளி ஜீனால வர்றது. லெகார்ன் வெள்ளை வேற ஜீன், அது இசட்ல இல்ல, மகன் மகள் ரெண்டு பேருக்கும் போகும், கருப்ப எல்லாம் அழிச்சு மேல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி மூடிடும். அடில வரி இருந்தாலும் வெள்ளி இருந்தாலும் வெளிய தெரியாது. வெள்ளைப் பெட்டை, சிவப்பு சேவல், அப்ப நிறம் பிரிக்கலாம்னு நினைச்சு ஏமாறுறது பெரும்பாலும் இந்த இடத்துலதான்.

கொண்டைக்காரன்:
புதுக்கூண்டு தம்பி, போட்டோ எல்லாம் அந்த சிவப்பு பல்பு வெளிச்சத்துல எடுத்திருக்கீங்க. அதுல வெளிர் மஞ்சளும் செவலையும் ஒரே நிறமாத்தான் தெரியும், கீழ் தட்டு குஞ்சுங்கள ஜன்னல் பக்கம் கொண்டு போய் பகல் வெளிச்சத்துல எடுங்க, ரெண்டு நிமிஷம் போதும், குளிர் பிடிக்க விடாதீங்க. இன்னொண்ணு, கருப்புக் குஞ்சுன்னா வயிறு, தொண்டை, றெக்கை நுனி எல்லாம் வெள்ளையாவோ மஞ்சளாவோதான் இருக்கும், சேவலுக்கும் பெட்டைக்கும். அது புள்ளிக் கணக்குல சேராது. உச்சந்தலைய மேல இருந்து பாக்கணும், அது மட்டும்தான்.

புதுக்கூண்டு:
பாத்தேன் பாத்தேன், வித்தியாசம் நல்லா தெரியுது. மூணு குஞ்சுக்கு புள்ளின்னு நினைச்சிருந்தது தொண்டை வெள்ளை கன்னம் வரைக்கும் ஏறி வந்தது, மேல இருந்து பாத்தா உச்சி தார் ரோடு கணக்கா கருப்பு. மத்ததுல பின் மண்டைல தெளிவா மஞ்சப் புள்ளி இருக்கு, சிலதுக்கு சின்னதா அரிசி அளவு, சிலதுக்கு பெருசா ஓரம் கலைஞ்சு, பவுடர் கொட்டுன மாதிரி. ஒரு செவலைக்கு முதுகுல ரெண்டு வெளிர் கோடு ஓடுது, ஒரு வெளிர் மஞ்சளுக்கு தலைல லேசா பழுப்பு சாயம். இத எல்லாம் எப்படி எடுத்துக்கறது?

அடைகாத்தவள்:
கோட்ட விட்டுடுங்க, உடம்போட அடி நிறம் என்ன? மொத்த உடம்பு செவலை, அதுல வெளிர் கோடுன்னா செவலைக் கணக்கு. மொத்த உடம்பு வெளுப்பு, தலைல மட்டும் பழுப்புன்னா வெளுப்புக் கணக்கு. பிரவுன் லேயர் (கம்பெனி முட்டைக்கோழி) குஞ்சுங்கள்லயும் இந்தக் கோடு வர்றது சகஜம்.

மரபணுப்பித்தன்:
அந்த பெரிய புள்ளி சின்னப் புள்ளி விஷயம் எனக்கு உறுத்துது. ஒரு கேள்வி, அந்த சிவப்பு சேவல் எப்ப வந்தது? அதுக்கு முன்னாடி வேற சேவல் இருந்துச்சா?

புதுக்கூண்டு:
இருந்துச்சு, பார்டு ராக் சேவல். பெட்டைங்கள ரொம்ப கொத்துதுன்னு ஒரு நண்பர்கிட்ட குடுத்துட்டு இத வாங்கினேன். சிவப்பு வந்து ஒரு வாரம் கழிச்சுத்தான் முட்டை சேக்க ஆரம்பிச்சேன், அதனால பிரச்சனை இல்லல்ல?

மரபணுப்பித்தன்:
அதான் பாத்தேன். பெட்டை ஒரு தடவை சேந்தா சேவலோட விந்த உள்ள சின்னச் சின்ன குழாய்ல சேமிச்சு வெச்சுக்கும், ரெண்டு வாரம், சில பெட்டைக்கு மூணு வாரம் வரைக்கும் அதுல கரு பிடிக்கும். புது சேவல் வந்ததும் அதோட விந்து மேல வந்துடும், பெரும்பாலும் புதுசுதான் ஜெயிக்கும், ஆனாலும் ஒரு வாரத்துல பழசு மொத்தமா போயிடாது. அப்பன் யாருன்னு நிச்சயமா தெரியணும்னா மூணு நாலு வாரம் விட்டு முட்டை சேக்கணும்.

பரவால்ல, இருக்கறத வெச்சு கணக்கு போடலாம். பார்டு ராக் சேவல்கிட்ட ரெண்டு இசட்லயும் வரி. அதோட பிள்ளைங்க மகனோ மகளோ எல்லாத்துக்கும் வரி போகும், எல்லாத்துக்கும் தலைப்புள்ளி. அதோட அந்தக் கருப்பு மத்த நிறத்த அமுக்கிடும், அதனால ராக், சஸ்ஸெக்ஸ், ரெட்னு எந்தப் பெட்டைக்கு பிறந்தாலும் அது குஞ்சு கருப்பா புள்ளியோடதான் வரும் (லெகார்ன் கதை தனி). அப்ப இப்படி ஆகுது:

கீழ் தட்டுல புள்ளி இல்லாத கருப்பு: இது பழைய சேவலுக்கு பிறந்திருக்கவே முடியாது. சிவப்பு சேவலோட மகள். பெட்டை, சந்தேகமே வேண்டாம்.

வெளிர் மஞ்சள்: பழைய சேவலுக்கு பிறந்தா கருப்பாத்தான் இருந்திருக்கும். சேவல், நிச்சயம்.

செவலை: சஸ்ஸெக்ஸ் மகளா, ரெட் பிள்ளையா, தெரியல.

புள்ளி உள்ள கருப்பு: நீங்க எல்லாம் சேவல்னு நினைச்ச கூட்டம் இதுதான், இதுலதான் இப்ப ஓட்டை. பழைய சேவலோட மகள்களும் இதுக்குள்ள இருக்கலாம். மொத்தமா சேவல்னு யாருக்கும் குடுத்துடாதீங்க.

புதுக்கூண்டு:
நல்லவேளை கேட்டீங்க, சாயங்காலம் ஒருத்தர் வந்து புள்ளிக் குஞ்ச எல்லாம் எடுத்துட்டு போறதா இருந்துச்சு. ஃபோன் பண்ணி வேணாம்னுட்டேன். அந்தக் கூட்டத்துக்குள்ள பிரிக்க வழி எதாவது?

கொண்டைக்காரன்:
ஓரளவுக்கு. சுத்தமான பார்டு ராக் வளக்கறவங்க புள்ளி அளவையும் கால் நிறத்தையும் சேத்து பாப்பாங்க. சேவலுக்கு வரி ஜீன் ரெண்டு மடங்கு, அதனால வெள்ளை ஜாஸ்தி: புள்ளி பெருசா, ஓரம் கலைஞ்சு கழுத்துப்பக்கம் இறங்கி இருக்கும், உடம்பும் கொஞ்சம் சாம்பலா தெரியும், கால் மஞ்சளா இருக்கும். பெட்டைக்கு ஒரு மடங்குதான், புள்ளி சின்னதா கட்டுக்கோப்பா இருக்கும், உடம்பு நல்ல கருப்பு, காலோட முன் பக்கம் கரி தேச்ச மாதிரி கருத்து விரல் பக்கம் வந்து சட்டுனு மஞ்சளாகும். வளந்ததுக்கு அப்புறமும் பாருங்க, ராக் சேவல் எப்பவும் பெட்டைய விட வெளுப்பா இருக்கும், அதே காரணம்தான்.

ஆனா உங்க கேஸ்ல சிவப்பு சேவலோட மகனுக்கும் ஒரு மடங்கு வரிதான், அவன் புள்ளியும் சின்னதா இருக்கும். அதனால பெரிய கலைஞ்ச புள்ளின்னா சேவல்னு ஓரளவு சொல்லலாம், சின்னப் புள்ளின்னா ரெண்டு பக்கமும் போகலாம்.

சிறகன்:
ஹேச்சரில வேலை பாத்த ஆளு நான், றெக்கைய பாக்கற முறை பத்தி யாரும் சொல்லலியே. குஞ்சு றெக்கைய விரிச்சா ஓரத்துல ரெண்டு வரிசை குருத்து தெரியும், கீழ ஒண்ணு மேல மூடற மாதிரி ஒண்ணு. கீழ் வரிசை நீளமா மேல் வரிசை குட்டையா இருந்தா பெட்டை, ரெண்டும் ஒரே நீளம் இல்ல மேல் வரிசை நீளமா இருந்தா சேவல். வெள்ளை முட்டை போடற கம்பெனி கோழிங்கள்ல நிறம் உதவாதுல்ல, அங்க நிறைய ரகத்துக்கு இதான். முதல் ரெண்டு மூணு நாளுக்குள்ள பாத்துடணும், அப்புறம் எல்லாம் வளந்து ஒண்ணாயிடும்.

வெடக்கோழிப்ரியை:
அப்ப புதுக்கூண்டு லெகார்ன் குஞ்சுங்களுக்கு இத பண்ணலாமே?

சிறகன்:
இல்லங்க, இதுவும் அதே இசட் கதைதான். மெதுவா இறகு வர்ற குணம் அமுக்கற குணம், அது அம்மாகிட்ட இருக்கணும், அப்பன் சீக்கிரம் இறகு வர்ற வம்சமா இருக்கணும், கம்பெனி அப்படி பாத்து பாத்து ஜோடி போட்டு வெச்சிருக்கும். லெகார்ன் பொதுவா சீக்கிரம் இறகு வர்றது, அவர் கூண்டுல அதுதான் அம்மா. அதனால றெக்கைய விரிச்சு பாத்தா என்னமோ தெரியும், அர்த்தம் இருக்காது.

பின்பக்கத்த அமுக்கி பாக்கற முறைய மட்டும் வீட்டுல முயற்சி பண்ணாதீங்க. 1920-கள்ல ஜப்பான்ல மாசுயி, ஹாஷிமோட்டோன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க முன்னால கொண்டு வந்தது, அதுக்குன்னு பயிற்சி எடுத்தவங்க மணிக்கு நூத்துக்கணக்குல பிரிப்பாங்க. பழக்கம் இல்லாத கை அமுக்குனா உள்ள இருக்கற மஞ்சக்கரு பை உடைஞ்சு குஞ்சு போயிடும்.

வெடக்கோழிப்ரியை:
எனக்கு ஒரு சந்தேகம். என்கிட்ட பார்டு ராக் சேவல் இருக்கு, கருப்பு ஆஸ்ட்ரலார்ப் பெட்டை இருக்கு. தலைகீழா போட்டா நடக்குமா? அப்புறம் இந்த செக்ஸ் லிங்க் குஞ்சுங்கள வளத்து அதுக்குள்ளயே சேத்தா அடுத்த தலைமுறையும் இப்படியே பிரியுமா?

மரபணுப்பித்தன்:
ரெண்டுக்கும் இல்ல. உங்க சேவல்கிட்ட வரி ரெண்டு மடங்கு, குஞ்சு எல்லாமே புள்ளியோட வரும், புதுக்கூண்டு பழைய சேவல் கதைதான். அப்படியே மாத்துங்க, ஆஸ்ட்ரலார்ப் சேவல், ராக் பெட்டை, ஜோரா பிரியும். ரெண்டாவது கேள்வி, சிவப்பு சேவல் ராக் பெட்டை மகன்கிட்ட ஒரு இசட்ல வரி இருக்கு ஒண்ணுல இல்ல, மகள்கிட்ட வரியே இல்ல. இவங்கள சேத்தா மகன்ல பாதி புள்ளி, மகள்லயும் பாதி புள்ளி. முடிஞ்சு போச்சு. இது ஒரே தலைமுறை வித்தை, ஒவ்வொரு தடவையும் அசல் அப்பன் அம்மாவ வெச்சுத்தான் பண்ணணும். இந்தக் குஞ்சோட குஞ்ச செக்ஸ் லிங்க்னு சொல்லி விக்கறவங்க இருக்காங்க, வாங்கறவங்க உஷாரா இருக்கணும்.

அடைகாத்தவள்:
தலைமுறை தலைமுறையா பிரியணும்னா அதுக்குன்னே உருவாக்குன ரகங்கள் இருக்கு, ஆட்டோ செக்ஸிங்னு சொல்லுவாங்க. எனக்கு ரொம்ப பிடிச்ச கதை இது. முதல் உலகப் போர் சமயத்துல தீவனம் தட்டுப்பாடு, முட்டை போடாத சேவல் குஞ்சுக்கு ஏன் வீணாக்கணும்னு கேம்பிரிட்ஜ்ல இருந்த ரெஜினால்ட் புன்னெட் இந்த நிறக் கலப்ப பயன்படுத்த யோசனை சொன்னார் (மரபியல் பாடத்துல கட்டம் போட்டு கணக்கு பண்ணுவோமே புன்னெட் சதுரம், அவரேதான்). அப்புறம் 1920-கள் கடைசில அவரும் மைக்கேல் பீஸும் பார்டு ராக் வரிய தங்க காம்பைன் கோழிக்குள்ள கொண்டு போனாங்க, காம்பார்னு ரகம் வந்துச்சு. 1930-கள்ல லெகார்ன வெச்சு லெக்பார். ஜெர்மனில 1970-கள்ல பீலஃபெல்டர்.

சூட்சுமம் என்னன்னா, வரி ஜீன கருப்புக் கோழில வெக்காம முதுகுல பழுப்புக் கோடு இருக்கற குஞ்சுல வெச்சாங்க, நம்ம அணில் முதுகு மாதிரி. பெட்டைக்கு ஒரு மடங்கு, கோடு கூர்மையா அப்படியே இருக்கும், கண்ணுல இருந்து பின்னாடி மை இழுத்த மாதிரி ஒரு கோடும் தெளிவா இருக்கும். சேவலுக்கு ரெண்டு மடங்கு, கோடு எல்லாம் வெளுத்து தண்ணில கரைஞ்ச மாதிரி, தலைல பெரிய புள்ளி. ராக்ல கண்ண சுருக்கி பாக்க வேண்டியது லெக்பார்ல தூரத்துல இருந்தே தெரியும். அப்பன் அம்மா ரெண்டும் அதே ரகம், அதனால பேரக்குஞ்சு வரைக்கும் பிரியும்.

வெடக்கோழிப்ரியை:
வெல்சம்மர் குஞ்சுக்கும் அந்தக் கோடு இருக்கே, அதுல வரி ஜீன் இல்லதானே?

அடைகாத்தவள்:
இல்ல. அதுலயும் பெட்டைக்கு கோடு கொஞ்சம் அழுத்தமா, தலைல இருக்கற கருப்பு ஓரம் கூர்மையா இருக்கும், சேவலுக்கு மங்கலா இருக்கும். பழகுன கண்ணுக்கு பெரும்பாலும் சரியா வரும், முழுசா நம்ப முடியாது. இதுலதான் நாட்டுக்கோழிக்காரங்க மாட்டிக்கறாங்க. கலப்புக் குஞ்சுல கோடு போட்டது, செவலை, கருப்பு, சாம்பல்னு ஒரே அடைல பத்து நிறம் வரும். கோடு இருந்தா பெட்டைன்னு ஒரு பேச்சு இருக்கு. அப்பன் அம்மாகிட்ட என்னென்ன கலந்திருக்குன்னு தெரியாதப்ப கோட்டுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

கொண்டைக்காரன்:
சும்மா ஒரு தகவல், வாத்துப் பக்கமும் இருக்கு. பில்கிரிம்னு ஒரு பெருவாத்து ரகம், ஆண் குஞ்சு மஞ்சளா இருக்கும், பெண் குஞ்சு சாம்பல் பச்சையா இருக்கும், வளந்தாலும் ஆண் வெள்ளை பெண் சாம்பல். கினிக் கோழில இந்த மாதிரி எதுவும் கிடையாது, கத்துறத கேட்டுத்தான் கண்டுபிடிக்கணும்.

சிறகன்:
நிறம் பத்தி பேசறப்ப இதையும் சொல்லணும். இப்ப முட்டைக்குள்ளயே பாக்கறாங்க. பிரவுன் லேயர் முட்டைய பதிமூணாவது நாள்கிட்ட வலுவான லைட் அடிச்சு, ஓடு வழியா உள்ள இருக்கற குஞ்சோட முடி நிறத்த கேமரா படிச்சிடும். செவலைன்னா பெட்டை, வெளுப்புன்னா சேவல். நாம இங்க ஜன்னல் வெளிச்சத்துல பாக்கற அதே வெள்ளி தங்கக் கணக்குதான், ஓட்ட உடைக்காம. ஜெர்மனில 2022 ஜனவரி 1-ல இருந்து லேயர் சேவல் குஞ்ச பொரிச்ச உடனே கொல்லக்கூடாதுன்னு சட்டம், அதனாலதான் இந்த மெஷினுக்கு இவ்வளவு மவுசு. வெள்ளை லேயர்ல இது நடக்காது, ரெண்டும் ஒரே மஞ்சள், அதுக்கு முட்டைல இருந்து துளி தண்ணி எடுத்து ஹார்மோன் பாக்கற மாதிரி வேற முறைகள் இருக்கு.

பழையகூடை:
மோதிரமே தேவலாம் போல, மெஷின் கரண்ட் பில்லுக்கு 😂

கொண்டைக்காரன்:
ஐயா ஃபார்முக்கு வந்துட்டார் 😂 புதுக்கூண்டு தம்பி, குஞ்சுங்க காலுக்கு இப்பவே வளையம் மாட்டுங்க. புள்ளி இல்லாத கருப்புக்கு ஒரு நிறம், புள்ளிக்கு ஒண்ணு, செவலைக்கு ஒண்ணு. மூணு நாலு வாரத்துல இறகு வந்து தலைப்புள்ளிய மூடிடும், அப்புறம் எது எதுன்னு தேட முடியாது. கால் சீக்கிரம் தடிக்கும், வளையம் இறுகாம வாராவாரம் மாத்திடணும்.

புதுக்கூண்டு:
நாள் கழிச்சு வர்றேன். குஞ்சுங்களுக்கு ஆறு வாரம் தாண்டிருச்சு, இப்ப கொண்டையும் இறகும் நல்லா தெரியுது. புள்ளி இல்லாத கருப்பு அத்தனையும் பெட்டை, கொண்டை இன்னும் வெளிர் மஞ்சளா குட்டியா இருக்கு, கழுத்துல செவலை எட்டிப் பாக்குது. கீழ் தட்டு வெளிர் மஞ்சள் எல்லாம் சேவல், கொண்டை ரத்தச் சிவப்பு, ஒருத்தன ஒருத்தன் முறைச்சுட்டே திரியறாங்க. புள்ளிக் கூட்டத்துல மரபணு அண்ணன் சொன்ன மாதிரியே ரெண்டு, கொண்டை சின்னதா, உடம்பு கருத்த வரியோட நிக்குது. பெட்டை மாதிரி இருக்கு. சரிதானா?

மரபணுப்பித்தன்:
ஆறு வாரத்துல வரி போட்டு, கொண்டை சின்னதா வெளுத்து, உடம்பு கருப்பு தூக்கலா இருந்தா பெட்டைதான். வரி போட்ட பெட்டைன்னாலே அது பழைய சேவலோட மகள், சிவப்பு சேவலுக்கு வரி போட்ட மகள் பிறக்க வாய்ப்பே இல்ல. அந்த ஒரு வாரம் போதலைங்கறதுக்கு அதுங்களே சாட்சி. செவலை என்ன ஆச்சு?

புதுக்கூண்டு:
செவலைல ஒண்ணு சேவல், மிச்சம் பெட்டை. அந்தச் சேவல் உடம்பு நல்லா கருஞ்சிவப்பு, பெட்டைங்க சிலது கொஞ்சம் வெளுத்த செவலை, கழுத்துல அங்கங்க வெள்ளை நூல் ஓடுது. லெகார்ன் பிள்ளைங்க ரெண்டு வகையும் கலந்து வந்திருக்கு. அடுத்த தடவை குழப்பமே இல்லாம பண்ணணும்னா என்ன மாத்தணும்? சஸ்ஸெக்ஸ தனியா, ராக்க தனியான்னு ரெண்டு கூண்டு போடணுமா? அதுக்கு இடம் இல்ல.

அடைகாத்தவள்:
ரெண்டு கூண்டு வேண்டாம். சிவப்பு சேவலோட ராக் பெட்டையும் சஸ்ஸெக்ஸ் பெட்டையும் ஒண்ணாவே இருக்கட்டும், அதுங்க குஞ்சு ஒண்ணோட ஒண்ணு கலக்காது. கருப்புல புள்ளி சேவல், கருப்புல புள்ளி இல்லன்னா பெட்டை, வெளிர் மஞ்சள் சேவல், செவலை பெட்டை. நாலு நிறம் நாலு பதில், முட்டை குறிக்கக்கூட தேவையில்ல. குழப்பறது லெகார்னும் ரெட் பெட்டையும்தான். அடைக்கு முட்டை சேக்கற நாள்ல அந்த ரெண்டு ரகத்தையும் வேற பக்கம் விடுங்க, இல்லன்னா அதுங்க முட்டைய அடைக்கு எடுக்காதீங்க. லெகார்ன் முட்டை வெள்ளை, தெரிஞ்சிடும். ரெட் முட்டைய ராக் முட்டைல இருந்து பிரிக்கறது கஷ்டம், அதனால ரெட்ட கட்டாயம் தனியா விடணும்.

கொண்டைக்காரன்:
இப்ப வந்த குஞ்சுல இருந்து ஒரு சேவலும் அந்தக் கூண்டுக்குள்ள வளரக்கூடாது, அதையும் சேத்துக்கங்க. நாலு மாசத்துல வேலைய ஆரம்பிச்சிடுவான், அப்புறம் மறுபடி அப்பன் யாருன்னு கேட்டு இங்க வருவீங்க.

புதுக்கூண்டு:
சேவலுங்க எல்லாம் அடுத்த வாரம் போகுது, பேசிட்டேன். ரெட் பெட்டைங்கள இன்னைக்கே லெகார்னோட பின்னாடி தடுப்புல விட்டுட்டேன். ராக்கும் சஸ்ஸெக்ஸும் சிவப்பு சேவலோட முன்னாடி.